நீ பாதி கேட்ட சாட்சி

எபி,

நம் வீட்டில் யார் கடிதம் எழுதினாலும் தாளின் தலையில் ஒரு வசனம் எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வர வேண்டும். அது உன் அப்பா போட்ட சட்டம். கரண்ட் ஆபீசுக்குக் கொடுத்த புகார் மனுவின் மேலேகூட ஒரு வசனம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த மனுஷன் அவர். இன்று நானும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வசனம் தெரியாதவள் இல்லை நான். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் பாட்டும், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனமும் சொல்லிக் கொடுத்தே என் தொண்டை பாதி தேய்ந்துபோயிற்று. ஆனால் எதை எழுதினாலும் நீ அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மிச்சத்தை மடித்துப் பையில் வைத்துவிடுவாய் என்று பட்டது. அதனால் மேலே இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன்.

போனில் சொல்லலாம்தான். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே. ஓசூரில் கம்பெனி ஷிப்ட் முடிந்து நீ கூப்பிடுகிற நேரத்தில் பின்னால் பஸ் சத்தம், ஆள் சத்தம். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்கிறாய். அப்பா பேச்சை எடுத்தால் "அப்புறம் பேசறம்மா" என்று வைத்துவிடுகிறாய். போன வாரம்தான் கொஞ்சம் நீளமாகப் பேசினாய். அதுவும் எதற்கு? "அம்மா, என் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஜெபத்துல அந்த போர்த்தண்ணிக் கதைய மட்டும் எடுக்காத. ஷீலா வூட்டுக்காரங்க எல்லாம் வந்திருப்பாங்க. நீ எடுத்தா நான் எந்திரிச்சு வெளிய போயிருவன், சொல்லிட்டன்" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பாலை அடுப்பில் வைத்திருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். பால் எதுவும் வைக்கவில்லை.

மறுநாளே பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். "ஐயா இருந்திருந்தா அவரு சாட்சி சொல்லுவாரு. இப்ப நீங்கதான டீச்சர் வூட்டுக்குப் பெரியவங்க. ஆண்டவரு இந்தக் குடும்பத்த எப்பிடி நடத்தினாருன்னு நாலு வார்த்த நீங்கதான் சொல்லோணும்" என்றார். நம் சபையில் எந்தக் கல்யாண வீட்டிலும் முந்தின நாள் ஜெபம் அப்படித்தான் என்பது உனக்குத் தெரியும். பாட்டு, ஜெபம், வீட்டுப் பெரியவர் சாட்சி, அப்புறம்தான் பிரியாணி. சாட்சி இல்லாமல் பந்தி போட்டால் சபையில் ஒருத்தருக்கும் தொண்டையில் இறங்காது. நான் அந்தப் பக்கமும் தலையாட்டவில்லை. தலையாட்ட வரவும் வராது எனக்கு, கழுத்து பூட்டிக்கொண்டு வருஷக்கணக்காகிறது.

அதனால்தான் எழுதுகிறேன். நீ ஒன்று கேட்டிருக்கிறாய், பாஸ்டர் ஒன்று கேட்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது. அதை உனக்கு முதலில் சொல்லிவிட வேண்டும்.

உனக்கு எஸ்தர் என்று ஒரு அக்கா இருந்ததும் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் சின்ன மேடு இருப்பதும் தெரியும். எப்படிச் செத்தாள் என்று நீ கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அந்த வருஷம் மழை இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. கிணறெல்லாம் அடியில் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஏரிப் பள்ளத்தில் மிச்சம் கிடந்த, மாடு இறங்கிக் கலக்கின தண்ணீரைத்தான் துணியில் வடிகட்டிக் குடித்தோம். காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அங்கன்வாடியில் தாய்மார்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். என் வீட்டில் விறகு இல்லை என்று ஒரு நாள் காய்ச்சாமல் விட்டிருப்பேனோ என்னவோ, தெரியாது. பிள்ளைக்கு வயிற்றால் போயிற்று. பென்னாகரம் பஸ் வருவதற்குள் கண் செருகிவிட்டது. பேசத் தொடங்கிய பிள்ளை. தண்ணீரைத் "தன்னி, தன்னி" என்பாள்.

அதன் பிறகு உன் அப்பா வேறு எதையும் ஜெபிக்கவில்லை. தண்ணீர் மட்டும்தான். நீ என் வயிற்றில் இருந்தாய். ஊரில் போர் போட்டவர்களுக்கெல்லாம் தண்ணீருக்குப் பதில் புழுதிப் புகைதான் வந்தது. பக்கத்து வீட்டு முனியம்மாக்காவின் வீட்டுக்காரர் வந்து, "நீரோட்டம் பாக்கற ஆளு ஒருத்தரு இருக்கறாருங்க. கையில தேங்கா வச்சிகினு நடப்பாரு, தண்ணி இருக்கற எடத்துல தேங்கா நிமுந்து நிக்கும். கூட்டியாரட்டுங்களா" என்று நல்ல மனசோடுதான் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். சாப்பாட்டை விட்டு உபவாசம் இருந்தார். பிறகு ஒரு காலையில் எழுந்து போய் வீட்டுக்கு வெளியே கிழக்கு மூலையில் முழங்காலில் நின்றார். எழுந்து ஒரு கல்லை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்து, "காட்டிட்டாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்போதிருந்த பாஸ்டர் வந்து அந்தக் கல்லில் கை வைத்து ஜெபித்தார். திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டி வந்தது.

தெருவே கூடி நின்றது. வெள்ளைப் புழுதி பறந்து எங்கள் தலைமுடியெல்லாம் நரைத்துப்போயிற்று. வண்டிக்காரர் குழாய்க்கு மேல் குழாய் இறக்கிக்கொண்டே இருந்தார். இதற்கு மேல் போக வேண்டாம் என்று அவரே அலுத்துச் சொன்ன நேரத்தில் புழுதி ஈரமாயிற்று. பிறகு சேறு, பிறகு தண்ணீர். முனியம்மாக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதது. உன் அப்பா அந்தச் சேற்றிலேயே முழங்காலில் விழுந்தார். நீ பிறந்தாய். எபினேசர் என்று பெயர் வைத்தோம், உதவின கல் என்று அர்த்தம். அந்தத் தண்ணீரில் உன்னைக் குளிப்பாட்டினேன், அந்தத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். அந்தத் தெருவில் அதன் பிறகு ஒரு பிள்ளையும் வயிற்றால் போய்ச் சாகவில்லை. இதையும் நீ காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

தெருக்காரர்களெல்லாம் அதை ஜெபத் தண்ணீர் என்றார்கள். கிறிஸ்தவர் இல்லாதவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். காய்ச்சல் வந்தால் வந்து ஒரு சொம்பு அடித்துக்கொண்டு போவார்கள். ருசியான தண்ணீர், பருப்பு நன்றாக வேகும். உன் அப்பா வருஷா வருஷம் ஸ்தோத்திர ஆராதனையில் எழுந்து, "தேங்கா காட்டாத தண்ணிய ஆண்டவர் காட்டினாருங்க" என்று ஆரம்பிப்பார். சபை முழுக்க அல்லேலூயா என்று சொல்லும். நீ என் மடியில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் பிந்தி, தனியாக ஒரு அல்லேலூயா சொல்லுவாய். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நீ நடக்கப் பழகி, ஓடப் பழகின காலத்தில் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். ஊர் ஊராகப் போய்த் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள். நம் அடிபம்பிலும் பிடிக்க வேண்டும் என்றார்கள். உன் அப்பா சண்டை போடவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். "இது ஜெபத்துல வந்த தண்ணிங்க சார். இதுல ஒன்னும் இருக்காதுங்க. வேற போர்ல பாருங்க" என்றார். நான் அவர்களுக்குச் சொம்பில் அந்தத் தண்ணீரையே கொண்டுவந்து கொடுத்தேன். வெயிலில் வந்தவர்கள், குடித்துவிட்டு நல்லா இருக்குதுங்க என்றார்கள். வேறு ஊருக்கு நேரமாகிறது என்று ஜீப்பில் ஏறினார்கள். இதை உனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆண்டவர் கொடுத்ததை யார் லேபுக்கு அனுப்புவார்கள் என்றுதான் அன்று எங்களுக்கு இருந்தது.

பிறகு வந்தது பல் டாக்டர். அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார்கள். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்குப் போய்விட்டாய். ஒவ்வொரு பிள்ளையாக வாயைத் திறக்கத் திறக்க அந்தப் பெண் டாக்டர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் பல்லில் பழுப்பு வரி. நான் பல் தேய்க்காத சோம்பேறிப் பிள்ளைகள் என்று அத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். "டீச்சர், இந்தப் புள்ளைங்க எல்லாம் எந்தத் தண்ணி குடிக்கறாங்க?" என்று கேட்டது. நான் சன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டினேன். நம் வீட்டைத்தான் காட்டினேன்.

இந்த மாவட்டத்துக் கல்லிலேயே ஃப்ளோரைடு இருக்கிறது, ஆழம் போகப் போக அதிகம், பல்லுக்கு வரும், பிறகு எலும்புக்கு வரும் என்று விளக்கினார்கள். இனி குடிக்கக் கூடாது என்று அடிபம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். சின்னப் பிள்ளைகள் அழகாக இருக்கிறது என்று கை தட்டின. முனியம்மாக்கா மட்டும் குடத்தோடு வந்து பெயின்டைப் பார்த்துவிட்டு நின்றது. "உங்க சாமி குடுத்ததுன்னு நம்பித்தான குடிச்சோம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

உன் கால் விஷயம் எனக்கு உன் பேண்ட்டில்தான் முதலில் தெரிந்தது. முட்டியின் உள்பக்கம் மட்டும் தேய்ந்து தேய்ந்து கிழியும். நான் ஒட்டுப் போடுவேன், மறுபடி கிழியும். வளர்கிற பையன் என்று நினைத்தேன். நீ மிலிட்டரிக்குப் போகப் போகிறேன் என்று தினமும் விடியலில் பென்னாகரம் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாய். அப்பா சைக்கிளில் உன் பின்னாலேயே வருவார், அப்போதே அவருக்கு முதுகு வளையாது, கட்டை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பார். ஓட்டத்தில் நீதான் முதல் ஆட்களில் வந்தாய் என்று உன்னோடு வந்த பையன்கள் சொன்னார்கள். பிறகு மருத்துவப் பரிசோதனையில் வரிசையாக நிற்கவைத்து, முட்டியைச் சேர்த்து நில்லு என்றார்களாம். உன் முட்டி சேர்ந்தது, பாதம் சேரவில்லை. அந்த ஆள் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துவிட்டு அடுத்தவன் என்று சொல்லிவிட்டான் என்றாய். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி அந்தச் சிவப்பு பம்பின் மேல் மாட்டிவிட்டுப் படுத்தாய். நான் ஷூவை எடுத்து உள்ளே வைத்தேன், வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ கடைசியாக நம் கோயிலுக்கு வந்தது. நான் கெஞ்சி அழைத்து வந்தேன். பாஸ்டர் சாட்சி சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டதும் உன் அப்பா எழுந்தார். பம்பு சிவப்பான நாளிலிருந்து அவர் சாட்சிக்கு எழுந்ததே இல்லை. எழுந்து நின்று, "ஸ்தோத்திரம். தேங்கா காட்டாத தண்ணிய ஆண்டவர் காட்டினாருங்க" என்று அதே மாதிரி ஆரம்பித்தார். பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று பேர் ஆமென் என்றார்கள். நீ எழுந்தாய். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வெளியே போய் பைக்கை உதைக்கிற சத்தம் கேட்டது. நீ திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய், உன் மேல் நான் குற்றம் சொல்லவில்லை. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ஆனால் எபி, அவர் முடிக்கவில்லை. பைக் சத்தம் அடங்குகிற வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு சொன்னதை நான் மாற்றாமல் எழுதுகிறேன். "அந்தத் தண்ணிதாங்க இப்ப எம் பையன் கால வளச்சிருக்குது. டெஸ்ட் பண்ண வந்தவங்கள நான்தாங்க திருப்பி அனுப்பினன். ஜெபத்துல வந்த தண்ணின்னு எனக்குப் பெரும. அந்தத் தண்ணி குடிச்ச எல்லாப் புள்ளைங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறன். எம் பையங்கிட்டயும் கேட்டுக்கறன். அந்த எடத்த எதுக்கு ஆண்டவரே எனக்குக் காட்டுனீங்கன்னு தெனமும் கேக்கறங்க. அவரு ஒன்னும் சொல்லல. சொல்ற வரைக்கும் கேட்டுகினேதான் இருப்பன். வேற யாருகிட்டப் போயி கேக்கறதுங்க." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

நீ கேட்டது பாதி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அப்பாவோடு பேசாமல் இருந்தாய். நீ வீட்டுக்கு வந்தபோது நான் சொல்லப் போனேன். அவர்தான், "நீ சொல்லாத, நானே அவங்கிட்டச் சொல்லிக்கறன்" என்றார். சபைக்காரர்களிடமும் அதையே சொல்லி வைத்தார். மனுஷன் ஆயிரம் பேர் முன்னால் பேசுவார், பெற்ற பிள்ளை முன்னால் வாய் திறக்க வராது. நீ ஓசூரிலிருந்து வருவாய், "எப்பக் கண்ணு வந்த" என்பார், "இப்பதான்" என்பாய், முடிந்தது. அவரை அடக்கம் பண்ணின அன்று சாயந்திரம் நான் ஆரம்பித்தேன். "இன்னிக்கி வேணாம்மா. அவரப் பத்தி நல்லதா எதுவும் சொல்லாத" என்றாய். அதன் பிறகு எனக்கும் விட்டுப்போயிற்று.

அவர் கடைசி வரைக்கும் அந்தத் தண்ணீரைக் குடித்தார் என்பதுதான் உனக்குப் பெரிய எரிச்சல். ஒகேனக்கல் தண்ணீர் தெருக் குழாயில் வந்த பிறகும் காலையில் எழுந்ததும் அந்தச் சிவப்பு பம்பில் ஒரு சொம்பு அடித்து நின்ற வாக்கில் குடிப்பார். "பாரு, தப்புன்னு ஒத்துக்கவே மாட்டாரு" என்று நீ என்னிடம் பல்லைக் கடித்தாய். ஒத்துக்கொண்டதால்தான் குடித்தார். நான் ஒரு நாள் சொம்பைப் பிடுங்கினேன். "புள்ளைங்களுக்கெல்லாம் ஊத்திக் குடுத்துட்டு நான் மட்டும் எப்பிடி வேணாங்கறது" என்றார். "ஆண்டவரு உங்கள இதக் கேட்டாரா?" என்றேன். "கேக்கலதான்" என்று சொல்லிவிட்டுச் சொம்பை வாங்கிக் குடித்தார். இதைப் பக்தி என்று நான் சொல்ல மாட்டேன். வீம்பு. ஆண்டவர் கேட்காத பலியைக் கொடுத்துக்கொண்டு அவர் திருப்திப்பட்டார், தூக்கி உட்காரவைத்து முதுகு தேய்த்துவிட்டது நான். நீ அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டாலும் இதை எடுத்துக்கொள்ளாதே. உன்னால் ஷீலாவுக்கு ஏதாவது கெட்டது நடந்துவிட்டால் மன்னிப்புக் கேள், திருத்த முடிந்ததைத் திருத்து, அதோடு விடு. உன்னை நீயே தண்டித்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருக்க வைக்காதே.

அப்பாவை வைத்த பெட்டி மூடாமல் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். கடைசிக் காலத்தில் அவர் முதுகு கூன் விழுந்து அப்படியே இறுகிவிட்டது, மூடியை வைத்தால் தூக்கிக்கொண்டு நின்றது. நீயும் பெரியப்பா மகனும் அழுத்தினீர்கள். நான்தான் அழுத்தாதீங்க என்றேன். தச்சர் நாலு பக்கமும் பலகை வைத்து உயர்த்தி அடித்தார். ஊரெல்லாம் அந்த ஆணிச் சத்தத்துக்கு அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. இந்த நேரத்தில் பலகை எங்கே கிடைத்தது இவருக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன். உன் கல்யாணம் நிச்சயமானபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நல்ல பெண், எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. கால் மரத்துப்போனால் தட்டித் தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி மனசைத் தட்டிப் பார்க்கிறேன். டாக்டர் என் விரல் மரத்துப்போவதற்கு மட்டும் காரணம் சொன்னார், எலும்பு வளர்ந்து நரம்பை அழுத்துகிறதாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியென்றால் ஏன் இன்னும் கோயிலுக்குப் போகிறாய் என்று கேட்பாய். நீ கேட்காவிட்டாலும் நான் என்னையே கேட்டிருக்கிறேன். முழங்காலில் நிற்க முடியாது, கட்டிலில் உட்கார்ந்துதான் ஜெபம். ஆண்டவரே என்று கூப்பிடுவேன். அதற்கு மேல் ஒன்றும் வராது. குக்கர் விசில் வருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பேன், பிறகு எழுந்து போய் அடுப்பை அணைப்பேன். மறுநாளும் அதேதான். நான் குனிந்தே இருப்பதைப் பார்த்து டீச்சருக்கு எவ்வளவு தாழ்மை என்று சபையில் சொல்கிறார்கள். கழுத்து நிமிராது, அவ்வளவுதான் விஷயம்.

விட்டுவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. நினைத்துப் பார்த்தால், விட்டுவிட்டால் நான் எஸ்தரைப் பற்றி யாரிடம் கேட்பேன்? கல்லைத் திட்டலாமா, போர் வண்டியைத் திட்டலாமா? உன் அப்பாவைத் திட்டித் தீர்த்துவிட்டேன். எனக்குக் கோபம் இருக்கிறது எபி, மரத்துப்போன இடத்துக்கு அடியில் அது மட்டும் சூடாக இருக்கிறது. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் இறக்கிவைக்க ஆண்டவரைத் தவிர வேறு ஆள் இல்லை. இருக்கிறார் என்று தெரிந்த ஆளிடம்தானே கோபித்துக்கொள்ள முடியும். உன் அப்பா வேறு யாரிடம் போய்க் கேட்பது என்று சொன்னதும் அதுதான் என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஆண்டவரை நம்புவது என்றால் நெஞ்சு நிறைந்து, கண்ணீர் வழிந்து, கையைத் தூக்குவது என்று நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் கை தோளுக்கு மேல் போகாது இப்போது. நான் அவரை விட்டுப் போகவில்லை, அவர் என்னை விட்டுப் போனதாகவும் எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது, இதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

ஷீலாவிடம் ஆண்டவர் நமக்கு ஒரு குறையும் வர விடமாட்டார் என்று வாக்குக் கொடுக்காதே. வரும். வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அவரிடம் கேளுங்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா உட்காருங்கள். குடிபோகிற வீட்டில் தண்ணீரை டெஸ்ட் பண்ணிவிடு. பிறகு ஜெபம் பண்ணிக் குடி. போட்டோ எடுக்கும்போது வாயைக் கையால் மூடாதே. நிச்சயத்தன்று நீ சிரித்தபோது அந்தப் பெண் உன் கையைப் பிடித்துக் கீழே இறக்கியதை நான் பார்த்தேன். அன்று எனக்குள் ஏதோ கொஞ்சம் அசைந்தது என்றுதான் நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது.

முந்தின நாள் ஜெபத்தில் நான் சாட்சி சொல்லப் போகிறேன். போர்க்கதையைத்தான் சொல்லப் போகிறேன், வேறு கதை நமக்கு இல்லை. ஏரித் தண்ணீரில் ஒரு பிள்ளை போனதைச் சொல்வேன். போரில் தண்ணீர் வந்ததைச் சொல்வேன். அதனால் நீ பிழைத்ததையும் அதனாலேயே உன் கால் வளைந்ததையும் ஒரே வாயால் சொல்வேன். உன் அப்பா யாரைத் திருப்பி அனுப்பினார், பிறகு சபையில் எழுந்து என்ன கேட்டார் என்று சொல்வேன். முனியம்மாக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்றது. கடைசியில் ஸ்தோத்திரம் என்று வாயில் வந்தால் சொல்வேன். வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு உட்காருவேன், இந்தத் தாளின் தலையில் விட்டிருக்கிற மாதிரி.

ஒரே ஒரு சிக்கல். ஸ்டாண்டில் மைக்கை வைத்தால் என் வாய் அந்த உயரத்துக்கு எட்டாது, என் முகம் தரையைத்தான் பார்க்கும். கையில் கொடுத்தால் விரலில் நிற்காது, நழுவிவிடும். யாராவது பக்கத்தில் குனிந்து நின்று என் வாய்க்குக் கீழே பிடிக்க வேண்டும். ரேடியோ செட்டுக்காரர் தன் ஆளை நிற்கவைக்கிறேன் என்றார். வேண்டாங்க, எம் பையன் புடிப்பான் என்று சொல்லிவிட்டேன். அம்மா வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனால் பாதியில் எழுந்து போக முடியாது.

அம்மா